தமிழ்வழியில் படித்துப் பொறியியல் சேர்ந்தவர்களுக்கு ஒரு குறிப்பு

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துப் பொறியியல் அல்லது அறிவியல் பட்டப்படிப்பில் சேரும் மாணவர்கள் பலர், ஏற்கெனவே நன்கு அறிந்த பாடமே ஆங்கிலத்தில் வரும்போது அடையாளம் தெரியாமல் முதல் பருவத்திலேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். இதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. தமிழ்நாடு அரசின் 11, 12ஆம் வகுப்புப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாட வரிசையில் அமைந்து, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 12ஆம் வகுப்பு இயற்பியலின் முதல் அலகான நிலை மின்னியலை எடுத்துக்கொண்டு, காஸ் விதியைத் தமிழில் படித்தவுடன் அதே பகுதியை ஆங்கில நூலில் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு இரண்டையும் மூடிவிட்டு, அந்த விதியை ஆங்கிலத்தில் இரண்டே வரிகளில் எழுதிப் பாருங்கள். இலக்கணப் பிழைகளைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

தேர்வில் மதிப்பெண் குறைவதற்குக் கலைச்சொற்களைவிட வினாவின் ஏவல் சொற்களே பெரிதும் காரணமாகின்றன என்பது என் கருத்து. 'கம்பேர்' என்று கேட்டால் இரண்டையும் ஒப்பிட வேண்டும்; 'ஜஸ்டிஃபை' என்றால் காரணம் காட்ட வேண்டும்; வரையறையை மட்டும் எழுதிவிட்டு வந்தால் பாதி மதிப்பெண் போய்விடும். பழைய வினாத்தாள்களிலிருந்து இத்தகைய சொற்களைத் தனியே தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை எழுதி, பேராசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.