சாப்பாட்டுப் பேச்சில் 'எஸ்' சொல்லும் முன்

ஆங்கிலம் பேசும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சாப்பாட்டைப் பற்றி யாராவது ஏதாவது கேட்பார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே தடுமாறும் இடம் இது. குறிப்பாக, எதிர்மறையாக வரும் கேள்வி.

உங்களுக்கு இறைச்சி பழக்கமில்லை என்று வையுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் "யூ டோன்ட் ஈட் மீட்?" என்கிறார். தமிழில் "ஆமாம், சாப்பிட மாட்டேன்" என்போம். அதே நினைப்பில் வெறும் "எஸ்" சொல்லி நிறுத்தினால், சாப்பிடுவீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். கேள்வி எப்படி வந்தாலும், சாப்பிடுவதானால் 'எஸ்', சாப்பிடாவிட்டால் 'நோ'. ஆங்கிலத்தில் அதுதான் வழக்கம். "நோ, ஐ டோன்ட்" என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை இருப்பவர்கள் ஒற்றைச் சொல் பதிலை நம்பி இருக்கவே கூடாது. எது ஆகாது என்று பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"டூ யூ மைண்ட் இஃப் ஐ ஈட் ஹியர்?" என்பதும் இதே வகைதான். "எஸ்" என்றால் 'எனக்கு ஆட்சேபம்' என்று ஆகிவிடும். சம்மதம் என்றால் "நாட் அட் ஆல், கோ அஹெட்" போதும்.

இன்னும் வேண்டுமா என்று கேட்டதற்கு ஒருவர் "ஐ'ம் குட்" என்றால், போதும் என்கிறார். அப்புறம் வற்புறுத்தாதீர்கள். இனிப்பைப் பார்த்துக்கொண்டே "ஐ ரியலி ஷுட்ன்ட்" என்பவர் விஷயம் வேறு. மனசு பாதி அங்கேதான் இருக்கும். இன்னொரு முறை கேட்கலாம், அதற்கு மேல் வேண்டாம். "ஐ'ம் பீயிங் குட்" என்பது அவருடைய ஒழுக்கத்தைப் பற்றியது இல்லை, உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கிறார், அவ்வளவுதான்.

ஊருக்கு ஊர் மாறுவதும் உண்டு. வட இங்கிலாந்தில் "கம் ஃபார் டீ" என்றால் பல வீடுகளில் அது இரவுச் சாப்பாடு. வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் "ப்ரிங் எ பிளேட்" என்றால் வெறும் தட்டு இல்லை, பகிர்ந்து சாப்பிட ஏதாவது கொண்டுவரச் சொல்கிறார்கள். அமெரிக்க உணவுப் பட்டியலில் 'ஆன்ட்ரே' என்பது முக்கிய உணவு, ஆஸ்திரேலியாவில் அது முதலில் வரும் சின்ன தட்டு.

மனசைச் சுருக்கென்று தைப்பவை வேறு சில. "இஸ் தட் ஆல் யூ'ர் ஹேவிங்?" என்றால் பெரும்பாலும் அக்கறை, அல்லது சும்மா பேச்சுக்கு. "யூ'வ் காட் எ ஹெல்தி ஆப்பிடைட்" (நன்றாகச் சாப்பிடுகிறீர்கள்) என்பது பாராட்டாகவும் இருக்கலாம், கிண்டலாகவும் இருக்கலாம். முகத்தையும் குரலையும் பார்த்தால்தான் தெரியும். உங்கள் டப்பாவைப் பார்த்து "தட்ஸ் இன்ட்ரஸ்டிங்" என்பவருக்கு அது உண்மையிலேயே பிடித்திருந்தால் அடுத்து ஒரு கேள்வி கேட்பார். கேட்கவில்லையா? மரியாதைக்குச் சொன்னதாக இருக்கும். நீங்களும் ஒரு புன்னகையோடு விட்டுவிடுங்கள். "வீ மஸ்ட் டூ லஞ்ச் சம்டைம்" அழைப்புதானா என்று தெரியவில்லையென்றால், "ஷ்யூர், இஸ் தர்ஸ்டே ஓகே?" என்று கேளுங்கள். நிஜமாகவே அழைத்தவர் நாள் குறிப்பார்.