பல்கலைக்கழக பட்ஜெட் புத்தகத்தைப் படிப்பது எப்படி

பக்கத்துத் தோட்டத்துப் பெண் பொள்ளாச்சியில் பி.காம். படிக்கிறாள். போன வாரம் இரண்டு ரசீதுகளோடு வந்தாள். "கல்லூரிக் கட்டணம் கட்டியாகிவிட்டது மாமா. அப்புறம் எதற்குத் தேர்வுக் கட்டணம்? அது எங்கே போகிறது?" முப்பது வருடம் ஒரு பல்கலைக்கழக நிதிப் பிரிவில் பேரேடு எழுதியவனிடம் இதைக் கேட்டால் சும்மா விடுவேனா?

முதலில் பட்ஜெட் புத்தகத்தைக் கையில் வாங்குங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவின்படி, யாரும் கேட்காமலேயே அரசுப் பல்கலைக்கழகம் தன் பட்ஜெட்டை வெளியிட வேண்டும். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுக் கொடுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.

புத்தகம் வந்ததும் கடைசிப் பக்க மொத்தத்துக்கு ஓடாதீர்கள். பெரும்பாலும் நான்கு நெடுவரிசைகள் இருக்கும்: சென்ற ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டின் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. நான் முதலில் பார்ப்பது உண்மைக் கணக்கைத்தான். ஒரு கட்டடத்துக்கு வருடா வருடம் மதிப்பீட்டில் தொகை ஏறிக்கொண்டே போக, உண்மைக் கணக்கில் சுழி மட்டுமே நின்றதைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது வரவு. என் அம்மா பால் சொசைட்டிப் பணத்தை ஒரு போசியிலும், தேங்காய் விற்ற பணத்தை இன்னொரு போசியிலும், கோயில் வரியை மஞ்சள் துணி முடிச்சிலும் வைத்திருப்பார். பால் போசியில் கைவைத்தால் அடுத்த வாரம் மாட்டுக்குப் புண்ணாக்கு இல்லை. பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். மாநில அரசு மொத்தமாகத் தரும் தொகுப்பு மானியம் ஒரு போசி. கட்டணங்கள் இன்னொன்று. முடிச்சுப் போட்ட பணம் என்பது குறிப்பிட்ட வேலைக்கென்றே வருவது: ஆராய்ச்சித் திட்ட நிதி, அறக்கட்டளை நிதி, 2013இல் தொடங்கிய ரூசா என்ற மத்திய உயர்கல்வித் திட்டம் போன்றவை. ரூசாவில் நம் மாநிலத்துக்கு மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்று பங்கு இருந்தது. 2023இல் அது பிஎம்-உஷா என்று பெயர் மாறியது.

அந்த முடிச்சை அவிழ்த்து ஒருமுறை நானே மாட்டிக்கொண்டேன். மார்ச் மாதக் கடைசி அவசரத்தில், ஆய்வுத் திட்டப் பணத்தில் வாங்கிய கருவியைத் துறையின் பொதுச் செலவுத் தலைப்பில் எழுதிவிட்டேன். தொகை சரி, தலைப்பு தப்பு. பணம் கொடுத்த வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் நின்றது, கணக்கில் தப்பு என்று தணிக்கைத் தடை விழுந்தது. அதற்கு விளக்கம் எழுதியே நான்கு வருடம் போனது.

இனி அந்தப் பெண்ணின் ரசீது. கோவை, ஈரோடு, திருப்பூர், நீலகிரி மாவட்டக் கல்லூரிகளை இணைத்து வைத்திருப்பது 1982இல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகம். இத்தகைய பல்கலைக்கழகத்துக்குத் தன் வளாக மாணவர் கட்டும் கட்டணம் மட்டும் வரவு அல்ல. கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணமும், அங்கே படிப்பவர்களின் தேர்வுக் கட்டணமும் வந்து சேரும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வை அதுவே நடத்தும். பல்கலைக்கழகம் பட்டம் மட்டும் கொடுக்கும். ஆகவே நீங்கள் படிப்பது எந்த வகைக் கல்லூரி என்று பார்த்த பிறகே பணம் போகும் வழியைத் தேடுங்கள்.

செலவுப் பக்கத்தில் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் கூட்டிப் பாருங்கள். (என் மாதப் பணமும் அதில்தான் வருகிறது, மறைக்கவில்லை.) அவற்றைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நூலகம், ஆய்வகம், மின்சாரம், குடிநீர் எல்லாவற்றுக்கும்.

ஒரு தலைப்பில் மட்டும் பலர் ஏமாறுவார்கள்: காப்புத்தொகை. ரொக்கமாக வந்தாலும் அது வரவு அல்ல. மாணவருக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். வைப்புத் தொகைகளோடு சேர்த்துத் தனியாகக் காட்டியிருப்பார்கள்.

"அப்படியென்றால் இதில் இருக்கும் ஐந்நூறு ரூபாய் எனக்குத் திரும்ப வருமா?" என்று கல்லூரி ரசீதில் விரல் வைத்தாள்.

"வரும் அம்மிணி. படிப்பு முடிகிறபோது அசல் ரசீதைக் கேட்பார்கள்."

உடனே அதை மட்டும் நான்காக மடித்துக் கைப்பேசி உறைக்குள் செருகிக்கொண்டாள்.