சோலார் கோ-கார்ட்டைத் தானாக ஓடவிடும் முன்: மாணவர் டீம்கள் சொதப்பும் இடங்கள்

சோலாருக்கு ஒரு டீம், தானாக ஓட்டும் வேலைக்கு இன்னொரு டீம் என்று பிரித்துக்கொண்டு கடைசி வாரத்தில் இரண்டையும் அந்தக் குட்டி ரேஸ் வண்டியின் ஒரே சேஸியில் ஏற்றுவார்கள். தலைவலி அங்கேதான் ஆரம்பிக்கும்.

முதலில் கணக்கு. உச்சி வெயிலில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட், பேனலின் திறன் 20 சதவீதம் என்றால், கார்ட்டின் தலைக்கு மேல் ஒன்றரை சதுர மீட்டர் பேனல் வைத்தால் காகிதத்தில் 300 வாட். ஆனால் பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும், சித்திரை வெயிலில் அது 65 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும், தூசியும் வயர் இழப்பும் வேறு. 200 வாட் கிடைத்தாலே சந்தோஷப்படுங்கள். மோட்டார் சராசரியாக 1 கிலோவாட் இழுத்தால், ஒரு மணி நேர வெயில் 12 நிமிட ஓட்டத்துக்குத்தான் வரும். ஆக இது பேட்டரி வண்டி, சோலார் வெறும் சார்ஜர். ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை 3000 கிலோமீட்டர் ஓடும் சோலார் கார்களைக் காட்டி வாதாட வேண்டாம். அவற்றின் உடம்பும் ஒல்லி டயரும் வேறு ஜாதி.

அடுத்தது வோல்டேஜ். 12 வோல்ட் பேனல் என்று விற்பது லோடு இல்லாமலே 22 வோல்ட் அளவுதான் காட்டும், 48 வோல்ட் பேட்டரி நிரம்பவோ 54 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பேனலிலிருந்து அதிகபட்ச பவரை எடுத்து பேட்டரிக்குக் கொடுப்பது எம்பிபிடி கன்ட்ரோலர். கடையில் பரவலாகக் கிடைப்பது வோல்டேஜை இறக்கும், ஏற்றாது. பேனல்களைத் தொடராக இணையுங்கள், இல்லாவிட்டால் வோல்டேஜை ஏற்றும் பூஸ்ட் வகை வாங்குங்கள்.

இப்போது இரண்டு டீமும் மோதும் இடம். லேசர் கதிரால் சுற்றியுள்ளவற்றின் தூரத்தை அளக்கும் லைடாருக்கு நல்ல பார்வை வேண்டும் என்று பேனலுக்கு நடுவே கம்பம் நட்டு மேலே பொருத்துவார்கள். செல்கள் தொடராக இருப்பதால் அந்த மெல்லிய நிழல் ஒரு செல்லில் விழுந்தாலே போதும், கரண்டுக்கு மாற்று வழி விடும் பைபாஸ் டயோடு அந்த வரிசையையே ஒதுக்கிவிடும், வழக்கமான பேனலில் அது மூன்றில் ஒரு பங்கு. வண்டி திரும்பத் திரும்ப நிழலும் இடம் மாறும். லைடாரை முன் பம்பரில் வையுங்கள், பின்பக்கம் தெரியாது என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கேமிங் லேப்டாப்பை மூளையாக வைப்பதும் இதே கதைதான்: 100 வாட்டுக்கு மேல் தின்னும், அதாவது சோலாரில் பாதி. ஜெட்சன் மாதிரி குட்டி கம்ப்யூட்டர் போர்டு போதும், அதற்குத் தனி டிசி கன்வெர்ட்டர் கொடுங்கள், மோட்டார் இழுக்கும்போதெல்லாம் அது ரீஸ்டார்ட் ஆகாது.

சாதாரண ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள், சில மீட்டர் பிசகினாலே வண்டி டிராக்கை விட்டு வெளியே.

இதையெல்லாம் விட்டாலும் எமர்ஜென்சி ஸ்டாப்பில் மட்டும் சமரசம் கூடாது. பட்டனை அழுத்தினால் ப்ரோக்ராமுக்குத் தகவல் போய், ப்ரோக்ராம் மோட்டாரை நிறுத்தும் என்று வைப்பார்கள். ப்ரோக்ராம் தொங்கிப்போயிருந்தால்? மோட்டாருக்குப் போகும் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் பெரிய ஸ்விட்ச்தான் கான்டாக்டர்; பட்டன் நேராக அதன் காயிலுக்குப் போகும் கரண்டை வெட்ட வேண்டும். அதோடும் முடியாது, கரண்ட் போனாலும் வண்டி உருளும். கரண்ட் இருக்கும்வரை விலகி நின்று, போனதும் ஸ்பிரிங் பலத்தில் தானாகப் பிடிக்கும் பிரேக் வேண்டும். ரிமோட் ஸ்டாப்பிலும் அப்படியே: சிக்னல் வந்தால் நிற்பது அல்ல, சிக்னல் வராவிட்டால் நிற்பது.