ஒருவருக்கான வதக்கல் சமையல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனியாக வசிப்பவர்கள் காய்கறியை வதக்கி, அதனுடன் முட்டையோ சோறோ சேர்த்து, ஒரே வாணலியில் ஒரு வேளை உணவை முடித்துக்கொள்வது செலவிலும் நேரத்திலும் சிக்கனமான வழியாகும். ஆனால் குடும்பத்துக்குச் சமைத்துப் பழகிய கை, அளவுகளை நான்கால் வகுத்துவிட்டால் ஒருவருக்கான சமையல் வந்துவிடும் என்று நம்புகிறது. பெரும்பாலான தவறுகள் இந்த நம்பிக்கையில்தான் தொடங்குகின்றன. காயைக் கால் பங்காகக் குறைத்தாலும், வாணலியின் பரப்போ அடுப்பின் சூடோ தானாகக் குறைவதில்லை.

முதலில் எண்ணெய். பெரிய வாணலியின் அடி முழுவதும் பளபளக்கும்வரை பாட்டிலிலிருந்து நேரடியாக ஊற்றினால், இரண்டு மேசைக்கரண்டி தெரியாமலே போய்விடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில், அது கடலை எண்ணெயானாலும் நல்லெண்ணெயானாலும், ஏறத்தாழ 120 கிலோகலோரி உண்டு. 200 கிராம் முட்டைக்கோஸில் இருப்பதோ 50 அளவுதான். ஒருவருக்குச் சிறிய இரும்புச் சட்டியும், தேக்கரண்டியால் அளந்த இரண்டு கரண்டி எண்ணெயும் போதும். எண்ணெயே வேண்டாம் என்று ஒதுக்குவதும் சரியன்று. கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினை உடல் ஏற்றுக்கொள்ளச் சிறிதளவு கொழுப்பு தேவை.

அடுத்த தவறுதான் சுவையை மிகுதியாகக் கெடுக்கிறது. நாளைக்கும் ஆகட்டும் என்று, சிறிய சட்டியில் அரைக் கிலோ காயைக் குவித்துவிடுகிறோம். நானும் பல மாதங்கள் இப்படிச் செய்துவிட்டு, காய் ஏன் குழைந்துபோகிறது என்று புரியாமல் இருந்தேன். காயிலிருந்து வெளிவரும் நீர் உடனுக்குடன் ஆவியாகிப் போக இடமில்லாவிட்டால் அது அடியிலேயே தங்கும். நீர் தங்கியிருக்கும்வரை சட்டிக்குள் இருக்கும் காயின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. ஓரங்கள் சிவந்து மணம் எழுவதற்கு ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும் என்பதால், அப்போது நடப்பது வதக்கல் அன்று, அவித்தல். கழுவிய காயை நீர் வடியவிடாமல் போடுவதும், தொடக்கத்திலேயே உப்பிடுவதும், மூடி போட்டு வைப்பதும் இதே விளைவைத்தான் தருகின்றன. காய் சட்டியில் ஒரு படலமாகப் பரவும் அளவே ஒரு முறைக்குச் சரியான அளவு. மிகுந்தால் இரண்டு தடவையாக வதக்கலாம். நறுக்கிய பின் கழுவும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும், ஏனெனில் நீரில் கரையும் வைட்டமின் சி அந்த நீரோடு போய்விடும்.

அளவு குறைவாக இருக்கும்போது எல்லாமே விரைவாக நடக்கும். கடுகு வெடித்த பிறகு வெங்காயம் நறுக்கத் தொடங்கினால், பூண்டும் மிளகாய்த்தூளும் கருகிக் கசந்துவிடும். ஆகவே அனைத்தையும் முன்னதாகவே நறுக்கி வைத்துக்கொண்டு, பீன்ஸ், கேரட் போன்றவற்றை முதலிலும், முட்டைக்கோஸ், குடைமிளகாயைப் பிறகும், கீரையைக் கடைசியிலும் சேர்க்க வேண்டும். பொடி வகைகள் காய் பாதி வெந்த பின்பே உள்ளே போகலாம்.

காய் மட்டும் உண்டால் இரண்டு மணி நேரத்தில் பசித்துவிடுகிறது. பிறகு கடைத் தின்பண்டத்துக்குச் செலவாகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. உலர்ந்த மீல்மேக்கர் 25 கிராமில் சுமார் 13 கிராம் உண்டு. மலிவான புரதங்களில் எனக்கு இதுவே முதல் தேர்வு. வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்த பின்பே சட்டியில் இட வேண்டும். சோயா சாஸ் ஊற்றுபவர்கள் தனியாக உப்புச் சேர்க்கக் கூடாது. ஒரு மேசைக்கரண்டி சாஸிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது; உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்போ 5 கிராமுக்கும் குறைவு.

மிஞ்சிய சோற்றை வதக்கலில் கிளறுவது நல்ல யோசனைதான். ஆறிய சோறு உதிரியாகவும் வரும். ஆனால் அதை இரவு முழுவதும் குக்கரிலேயே விட்டுவைப்பது ஆபத்தானது. அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதியிலும் அழியாமல் தங்கி, அறை வெப்பத்தில் பெருகி, மறுபடி சூடாக்கினாலும் நீங்காத நஞ்சை உண்டாக்கக்கூடும். வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே நன்றாகச் சூடேற்றி உண்டுவிட வேண்டும்.

கிலோவாக வாங்கினால் விலை குறைகிறது என்பதும் ஒருவருக்குப் பொருந்தாத கணக்கு; பாதி அழுகினால் மிச்சம் ஏதும் இல்லை. உழவர் சந்தையில் அன்றைய விலையைப் பலகையில் பார்த்துவிட்டுத் தயங்காமல் கால் கிலோ கேட்கலாம். கீரையை வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிட்டு, கேரட்டையும் முட்டைக்கோஸையும் வாரக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். முட்டைக்கோஸைப் பாதியாக வெட்டினால் வெட்டிய பக்கம் கறுத்துவிடும் என்பதால், வேண்டிய அளவுக்கு வெளி இதழ்களை மட்டும் உரித்தெடுப்பது நல்லது.