பழைய அமெரிக்கக் காருக்கு எந்த நான்கு சிலிண்டர் எஞ்சின்? பெங்களூரில் இருந்துகொண்டு முடிவு செய்யும் முறை

பானெட்டைத் திறப்பதற்கு முன்பு ஆர்.சி. புத்தகத்தைக் கையில் எடுங்கள். அதில் எழுதியிருக்கும் எஞ்சின் எண்ணும் எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்கில் அடிக்கப்பட்டிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பதே முதல் வேலை. ஃபோர்டு மாடல் ஏ காரில் பிளாக்கின் இடப்பக்கம், தண்ணீர் உள்ளே நுழையும் குழாய்க்குச் சற்று மேலே, தட்டையான சிறு மேடு ஒன்று இருக்கும். எண் அங்கேதான் அடிக்கப்பட்டிருக்கும். அதே எண்ணைக் காரின் அடிச்சட்டமான சேஸியின் இடப்பக்கத்திலும் அடித்திருப்பார்கள், ஆனால் பாடியைத் தூக்கினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். எண்கள் பொருந்தவில்லை என்பதற்காகக் காரை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் விலையையும் செய்ய வேண்டிய வேலையையும் அந்த ஒரு விவரம் அடியோடு மாற்றிவிடும்.

காரணம் இதுதான். 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளுக்கு மேலான கார்களை விண்டேஜ் வாகனமாகத் தனியே பதிவு செய்துகொள்ளலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுகள் கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய், எண் பலகையில் மாநில எழுத்துகளுக்குப் பிறகு ‘விஏ’ என்ற எழுத்துகள். ஆனால் சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் கார் அதன் மூல வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அன்றாடப் பயன்பாட்டுக்கும் இந்தப் பதிவு உதவாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் இறங்கலாம். ஆகவே, பெட்ரோல் விலைக்குப் பயந்து யாரோ ஒருவர் எப்போதோ டீசல் எஞ்சினை உள்ளே இறக்கியிருந்தால், இந்தப் பதிவுக்கான வாய்ப்பு அன்றே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். விண்டேஜ் பதிவே வேண்டாம் என்றாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி எஞ்சின் மாற்றம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் ஒப்புதலோடு புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். எந்த எஞ்சின் சிறந்தது என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கார் பிறந்தபோது இருந்த எஞ்சின் தேறுமானால் அதையே தேற்றுங்கள், தேறாவிட்டால் அதே குடும்பத்தில் பெண் எடுங்கள்.

எந்தக் கார்களில் நான்கு சிலிண்டர் இயல்பானது?

அமெரிக்கக் கார் என்றால் எட்டு சிலிண்டர் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. 1920களின் கடைசி வரை அங்கே சாமானியரின் கார் நான்கு சிலிண்டர் கார்தான். மாடல் டி (1908 முதல் 1927 வரை) 2.9 லிட்டர் கொள்ளளவில் 20 குதிரைத்திறன் மட்டுமே தந்தது. அதற்குத் தண்ணீர் பம்பு கிடையாது. சூடான நீர் மேலேறிக் குளிர்ந்த நீர் கீழிறங்கும் இயல்பான ஓட்டத்தை நம்பியே ரேடியேட்டர் வேலை செய்யும். அதற்குப் பின் வந்த மாடல் ஏ (1931 வரை) 200.5 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.3 லிட்டர், நிமிடத்துக்கு 2,200 சுற்றில் 40 குதிரைத்திறன். 1932இல் வந்த மாடல் பி அதே கொள்ளளவில் 50 குதிரைத்திறன் தந்தது, ஆனால் அதே ஆண்டு வந்த எட்டு சிலிண்டர் வி-8 அதன் புகழை மறைத்துவிட்டது. டாட்ஜ் பிரதர்ஸ் 1914 முதல் 212 கன அங்குல எஞ்சினைச் செய்தது. அந்தக் காலத்திலேயே 12 வோல்ட் மின்சாரம் கொண்டது என்பதால் இன்று அதற்கு பேட்டரி தேடி அலைய வேண்டியதில்லை. ஷெவர்லே 1928 வரை 171 கன அங்குல நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்திவிட்டு, 1929இல் ஆறு சிலிண்டருக்கு மாறியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் காரைத் தொகுக்கத் தொடங்கியதும் இந்த நான்கு சிலிண்டர் ஷெவர்லேயோடுதான்.

பிளிமத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த எஞ்சின் வகையின் பெரிய குறையை நேர்மையாக எதிர்கொண்ட கார் அது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் மேலே போகும்போது இரண்டு கீழே வருவதால் முதல் நிலை அதிர்வு தணிந்துவிடும். ஆனால் பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் சாய்வினால் மேலே போகும் பிஸ்டனின் வேகமும் கீழே வரும் பிஸ்டனின் வேகமும் சமமாக இருப்பதில்லை. அதனால் கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை ஒரு உதறல் எழும். பிஸ்டன் கனமாகவும் அது ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் நீளமாகவும் இருந்தால் உதறலும் பெரிது. 1931இல் வந்த பிளிமத் பி.ஏ. காரில் (196 கன அங்குலம், 56 குதிரைத்திறன்) எஞ்சினை முன்னால் உயரமாகவும் பின்னால் தாழ்வாகவும் ரப்பர் தாங்கிகளில் தொங்கவிட்டு, அது தன் எடையின் அச்சிலேயே ஆடும்படி செய்தார்கள். ‘ஃபுளோட்டிங் பவர்’ என்று விளம்பரம் செய்ததில் மிகை இல்லை. இந்தக் காரை வாங்குபவர்கள் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை, பார்ப்பதற்கு முன்பே அந்த ரப்பர் தாங்கிகளைப் பாருங்கள். அவை கல்லாக இறுகியிருந்தால் நல்ல எஞ்சினும் மோசமான எஞ்சினைப் போல உதறும்.

போருக்குப் பிந்தியவற்றில், 1962இல் ஷெவி டூ காருக்காகச் செய்த 153 கன அங்குல எஞ்சின் (90 குதிரைத்திறன், கிராங்கைத் தாங்கும் ஐந்து மெயின் பேரிங்) எளிமையானது, உறுதியானது. போன்டியாக் டெம்பெஸ்டின் எஞ்சின் வி-8ஐப் பாதியாக வெட்டியது போன்றது. படிக்கச் சுவையானது, வாங்க வேண்டாம். 1950களின் பிளிமத், டாட்ஜ் கார்களைப் பம்பாயின் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் தொகுத்து விற்றது நினைவிருக்கலாம். அவை ஆறு சிலிண்டர் கார்கள். அவற்றில் ஒன்றின் பானெட்டுக்குள் நான்கு சிலிண்டர் டீசல் இருந்தால், அது கம்பெனியில் பொருத்தியது என்று விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் ஆதாரம் இல்லாமல் நம்ப வேண்டாம்.

எஞ்சின் தேறுமா என்று கண்டுபிடிப்பது

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற வைத்து, கைப்பிடியால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். பல ஆண்டுகள் நின்ற எஞ்சினை ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுற்றுவது பிஸ்டன் ரிங்கை உடைக்கும் வழி. சுற்றினால், கம்ப்ரஷன் பாருங்கள். மாடல் ஏயின் அழுத்த விகிதம் 4.22க்கு 1 மட்டுமே என்பதால் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 60 பவுண்டு காட்டினாலே அது நலமாக இருக்கிறது என்று பொருள். இன்றைய கார்களின் கணக்கை வைத்துக்கொண்டு பயந்துவிடக் கூடாது. எண்ணைவிட முக்கியம், நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது.

அடுத்து விரிசல். இவற்றில் பெரும்பாலானவை வால்வு பிளாக்கிலேயே அமைந்த பக்கவால்வு எஞ்சின்கள். வெளிப்புகை வால்வின் சீட்டுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள மெல்லிய வார்ப்பிரும்பில்தான் விரிசல் முதலில் விழும். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றாமல் இதை அறிய முடியாது, கழற்றாமல் வாங்கவும் வேண்டாம். பீன்யா தொழிற்பேட்டையில் தண்ணீர் அழுத்தம் கொடுத்து பிளாக்கைச் சோதித்துத் தரும் பட்டறைகள் உண்டு. விரிசலைச் சூடாக்காமல் உலோகத் திருகுகளால் தைப்பது வெல்டிங்கைவிட நம்பகமானது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பேரிங். மாடல் டி, மாடல் ஏ ஆகியவற்றில் கழற்றி மாட்டும் பேரிங் கிடையாது. வெள்ளீயம் கலந்த பேபிட் உலோகத்தை உருக்கி பிளாக்கிலேயே ஊற்றி, பிறகு வரிசையாகக் கடைந்து எடுக்க வேண்டும். நம் மெக்கானிக்குகள் இதை ஒயிட் மெட்டல் என்பார்கள். ஊற்றுவதற்கு முன் இரும்பின் மேல் வெள்ளீயப்பூச்சு சரியாக ஏற வேண்டும், இல்லையென்றால் உலோகம் ஒட்டாமல் தோசைக்கல்லில் ஒட்டாத தோசையைப் போலத் தனியே கழன்றுவிடும். எனக்கே இது நடந்தது. நகரத்துப் பட்டறை ஒன்றில் ஊற்றி வாங்கிய மெயின் பேரிங், ஹொஸ்கோட்டை தாண்டுவதற்குள் தட்டத் தொடங்கியது. பிரித்துப் பார்த்தபோது முழுத் தகடாகக் கையோடு வந்தது. அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட முறை இது: ஊற்றுபவரிடம் அவர் முன்பு செய்த ஏதாவது ஒரு பேரிங்கைக் கேட்டு வாங்கிச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் மணிபோல ஒலிக்கும், ஒட்டாவிட்டால் ஓட்டைப்பானை ஒலி வரும். கிராங்குக்கும் பேரிங்குக்கும் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. பேரிங் மூடியின் கீழுள்ள ஷிம் என்ற மெல்லிய தகடுகளைப் பின்னாளில் ஒவ்வொன்றாக எடுத்து அந்த இடைவெளியைச் சரிசெய்துகொள்ளலாம் என்பது பழைய முறையின் அழகு. பேபிட் ஊற்ற ஆளே கிடைக்காவிட்டால், பிளாக்கைக் கடைந்து, கழற்றி மாட்டும் ஷெல் பேரிங் பொருந்தும்படி மாற்றிக்கொள்வது நேர்மையான மாற்று. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது.

தேறாவிட்டால்

மாடல் ஏ காருக்கு மாடல் பி எஞ்சின் சிறு மாற்றங்களோடு பொருந்தும். கொள்ளளவு அதேதான், ஆனால் மெயின் பேரிங்கின் விட்டம் 1.625 அங்குலத்திலிருந்து 2 அங்குலமாகப் பெருத்திருப்பதால் கிராங்க் வளைவது குறையும். பி எஞ்சின் இந்தியாவில் அரிது. அதைத் தேடுவதற்கு முன் 5.5க்கு 1 அழுத்த விகித ஹெட் ஒன்றை அமெரிக்காவிலிருந்து வரவழைப்பது மலிவு. பழைய ஹெட்டைக் கழற்றிப் புதியதை மாட்டும் வேலைதான், வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் பழையதைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

வில்லிஸ் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1926இல் விப்பெட் காருக்காகச் செய்த 134.2 கன அங்குல எஞ்சினை, 1938இல் வில்லிஸுக்கு வந்த பார்னி ரூஸ் என்ற பொறியாளர் 48 குதிரைத்திறனிலிருந்து 60க்கு உயர்த்தினார். போர்க்கால ஜீப்பில் ஓடியது அதுதான். 1950இல் பெட்ரோல் கலவை உள்ளே நுழையும் வால்வை ஹெட்டுக்கு மாற்றி ‘ஹரிக்கேன்’ ஆக்கினார்கள், அதை மஹிந்திரா நீண்ட காலம் இங்கேயே தன் ஜீப்புகளில் பொருத்தியது. அதனால் ஜே.சி. ரோட்டிலும் சிவாஜி நகர் பழைய உதிரிச் சந்தையிலும் இன்றும் இதன் உதிரிகளைக் கேட்டால் கடைக்காரர் விழிக்க மாட்டார். ஒரே எச்சரிக்கை: ஹரிக்கேன் உயரமான எஞ்சின். பழைய தட்டை பானெட் ஜீப்பில் அதை இறக்கினால் பானெட் மூடாது, சி.ஜே-3பி ஜீப்பின் பானெட் அவ்வளவு உயரமாக இருப்பதன் காரணமே அதுதான்.

புதிய ஜப்பானிய எஞ்சினையோ அம்பாசடர் டீசலையோ மாடல் ஏயில் இறக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி: பிரேக்? அந்தக் காரில் கம்பியும் நெம்புகோலும் கொண்ட மெக்கானிக்கல் பிரேக்தான் இருக்கிறது. அதோடு கியர் பெட்டியிலிருந்து பின் அச்சு வரை டார்க் டியூப் என்ற குழாய்க்குள் அடைத்த ஷாஃப்ட் என்பதால், எஞ்சினையும் கியரையும் மாற்றினால் பின் அச்சையும் மாற்ற வேண்டும். அதற்குமேல் அந்தக் காரில் மிஞ்சுவது பாடி மட்டும்.

பெங்களூருக்கென்று சில கணக்குகள்

ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் எஞ்சின் இழுக்கும் காற்றின் அடர்த்தி குறைவு. திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடும். 40 குதிரை 36 ஆகும். கார்புரேட்டரின் கலவையில் பெட்ரோலைச் சற்றுக் குறைத்து வைத்தால் பிளக் கறுக்காது. பெரும்பாலான மாடல் டி கார்களில் டாங்கு இருக்கையின் அடியில் இருக்கும், பெட்ரோல் பம்பும் கிடையாது. பெட்ரோல் குறைவாக இருக்கும்போது நந்தி மலைச் சரிவில் ஏறினால் கார்புரேட்டருக்கு பெட்ரோல் போகாது. அந்தக் காலத்தில் ரிவர்ஸ் கியரில் ஏறினார்களாம். நீங்கள் டாங்கை நிரப்பிக்கொண்டு போங்கள்.

இப்போது விற்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயை நெகிழச் செய்யும். அதைவிட, மாடல் டியின் கார்புரேட்டரில் அரக்கு பூசிய தக்கை மிதவை இருந்தால் எத்தனால் அந்த அரக்கைக் கரைத்துவிடும், தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கிவிடும். பித்தளை மிதவைக்கு மாறுங்கள். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் தண்ணீர் பம்பு இல்லாத மாடல் டியை நிறுத்தி வைத்தால் அது கொதிக்கும். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்புவதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

எஞ்சின் சேர்ந்த பிறகு முதல் 800 கிலோமீட்டருக்கு மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். எண்ணெய் வடிகட்டி இல்லாத எஞ்சின் என்பதால் மாடல் ஏயில் அதற்குப் பிறகும் ஒவ்வொரு 800 கிலோமீட்டருக்கும் எண்ணெயை மாற்ற வேண்டும் என்பது ஃபோர்டே சொன்ன கணக்கு. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளியே நோக்கி 55 அடி-பவுண்டுக்கு முடுக்குங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மறுபடியும், 80 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறையும், நட்டு நகராத வரை இப்படியே.