புதுக் காரின் மீட்டரில் 140 கிலோமீட்டர்: டெலிவரிக்கு முன் கணக்குப் பார்ப்பது எப்படி?

முதன்முறையாகப் புதுக் கார் வாங்குகிறவர்களில் பலர், மீட்டரில் பூஜ்யம் இருக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு ஷோரூமுக்குப் போகிறார்கள். அங்கே 18 என்றோ 140 என்றோ ஓர் எண்ணைப் பார்த்ததும் மனம் கசந்துவிடுகிறது. உண்மையில் எந்தப் புதுக் காரும் பூஜ்யத்தில் கைக்கு வருவதில்லை. தொழிற்சாலையின் கடைசிக் கட்டத்தில் உருளைகளின் மேல் சக்கரங்களைச் சுழலவிட்டுப் பார்ப்பார்கள், சோதனைப் பாதையில் ஓட்டிப் பார்ப்பார்கள், பிறகு லாரியில் ஏற்றுவது, யார்டில் இறக்குவது, இடம் மாற்றி நிறுத்துவது, பெட்ரோல் போடப் போவது என்று சிறுகச் சிறுகச் சேர்ந்து ஐம்பதுக்குள் ஓர் எண் வந்து நிற்கும்.

நம் ராமநாதபுரம் கரையோரத்தில் இதோடு இன்னொரு கணக்கும் சேர்கிறது. கார்களைச் சுமந்து வரும் பெரிய லாரிகள் பெரும்பாலும் மதுரைப் பக்கத்து யார்டுகளில் இறக்கிவிட்டுப் போய்விடுகின்றன. அங்கிருந்து ராமநாதபுரத்துக் கிளைக்கு ஒன்றிரண்டு வண்டிகள் வேண்டுமென்றால், ஓட்டுநர் ஒருவர் பரமக்குடி வழியாகச் சுமார் 115 முதல் 120 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டுதான் வருவார். ஆகவே இங்கே 140 என்பது இயல்பான எண்ணாக இருக்கலாம். மதுரை நகருக்குள் இருக்கும் ஷோரூமில் அதே 140ஐப் பார்த்தால் கட்டாயம் கேள்வி கேட்க வேண்டும். எண் பெரிதா சிறிதா என்பதை விட, அந்த எண்ணுக்கு டீலர் தாளில் கணக்குக் காட்ட முடிகிறதா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. அதை எப்படிப் பார்ப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எப்போது பார்ப்பது

டெலிவரி நாளன்று பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தத்தின்படி, பதிவெண் பொருத்தப்படும் வரை டீலர் புது வண்டியை நம்மிடம் ஒப்படைக்கக் கூடாது. அதாவது, மாலை போட்டுச் சாவி கொடுக்கும் நாளில் அந்த வண்டி ஏற்கெனவே நம் பெயரில் பதிவாகி, டிஎன் 65 என்று தொடங்கும் எண்ணோடு நிற்கும். அதற்குப் பிறகு ‘இந்த வண்டி வேண்டாம், வேறு கொடுங்கள்’ என்று சொன்னால், நாம் சொல்வது நம் சொந்த வண்டியையே வேண்டாம் என்பதாகிவிடும். எனவே முன்பணம் கட்டி, நமக்கு ஒதுக்கிய வண்டியின் சேஸிஸ் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்) தெரிந்தவுடன், இன்வாய்ஸ் எனும் விற்பனைப் பில், காப்பீடு, பதிவு ஆகிய மூன்றும் நடப்பதற்கு முன்னால் வண்டியை நேரில் பார்க்க வேண்டும். முழுப் பணமும் கட்டினால்தான் காட்டுவோம் என்று சில இடங்களில் சொல்வார்கள். அப்படியானால், ‘வண்டியைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே இன்வாய்ஸ் போடப்படும்’ என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளாமல் நான் பணம் கட்ட மாட்டேன். வங்கிக் கடன் போட்டிருப்பவர்கள், கடன் தொகை டீலர் கணக்குக்குப் போவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

காலை வெயிலில் போங்கள். மாலை மங்கிய பிறகும், வண்டியைக் கழுவி ஈரத்தோடு நிறுத்தியிருக்கும்போதும் பெயின்ட் கீறல் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாம் படி: மூன்று தாள்கள்

வண்டியைத் தொடுவதற்கு முன் மூன்று தாள்களைக் கேளுங்கள். ஒன்று, மதுரை யார்டிலிருந்து வண்டி வெளியே வந்தபோது போட்ட கேட் பாஸ் அல்லது டெலிவரி சலான். அதில் பெரும்பாலும் மீட்டர் ரீடிங் எழுதப்பட்டிருக்கும். இரண்டு, பி.டி.ஐ. தாள், அதாவது வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன் டீலரின் சர்வீஸ் பிரிவு வண்டியைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பட்டியல். அதிலும் தேதியும் ரீடிங்கும் இருக்க வேண்டும். மூன்று, வண்டி சாலை வழியாக ஓட்டி வரப்பட்டிருந்தால் சுங்கக் கட்டண ரசீது. மதுரையிலிருந்து வருகிற வண்டி திருப்பாச்சேத்தி, போகலூர் சுங்கச்சாவடிகளைத் தாண்டித்தானே வர வேண்டும்? ரசீதில் தேதியும் நேரமும் இருக்கும்.

இந்தத் தாள்கள் என்ன பேசும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். தேவிபட்டினத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரர் ஒரு வண்டிக்கு முன்பணம் கட்டியிருந்தார். பார்க்கப் போனால் மீட்டரில் 247 இருந்தது. விற்பனைப் பிரிவுத் தம்பி சிரித்துக்கொண்டே, “சார், மதுரையிலிருந்து வண்டி பறந்தா வரும்? ஓட்டித்தானே வரணும்” என்றார். சரி என்று தாள்களைக் கேட்டோம். கேட் பாஸில் 11. பி.டி.ஐ. தாளில் 134. இதுவரை 123 கிலோமீட்டர். மதுரைப் புறநகரிலிருந்து ராமநாதபுரம் வருவதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 134 எப்படி 247 ஆயிற்று? இடையில் 113 கிலோமீட்டர். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே புரிந்துவிடும்: ராமேஸ்வரம் போய்வரும் தூரம். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே விரித்திருந்த பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் பார்த்தால், ஆக்சிலேட்டர் ஓரத்தில் வெளுத்த கடல் மணல் ஒரு சிட்டிகை கிடந்தது. கடைசியில் மேலாளரே வந்து, ராமேஸ்வரத்தில் ஒருவருக்கு அந்த நிறத்தைக் காட்டுவதற்காகக் கொண்டு போனதை ஒப்புக்கொண்டார். இன்வாய்ஸ் போடவில்லை என்பதால் வேறு வண்டி கேட்க முடிந்தது. இரண்டு வாரம் காத்திருந்தோம்.

மூன்றாம் படி: வண்டியே சொல்வதைக் கேட்பது

தாளில் எழுதுவதும் மனிதர்கள்தானே. ஆகையால் மீட்டரில் இருக்கும் எண்ணை வண்டியின் மற்ற பாகங்களோடு ஒப்பிட வேண்டும்.

டயரில் தொடங்கலாம். புது டயரில் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும்; சிறிது தூரம் ஓடியதும் சாலையில் படும் நடுப்பகுதியில் அவை தேய்ந்துபோய், பக்கவாட்டில் மட்டும் நிற்கும். மீட்டரில் 20 என்று இருந்து, நடுப்பகுதி வழவழப்பாகி, பள்ளங்களில் சிறு கற்களும் சிக்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஸ்டெப்னி உட்பட எல்லா டயர்களிலும் இதைக் குறித்துக்கொண்டு, வண்டி உற்பத்தியான மாதத்தோடு ஒப்பிடுங்கள். வண்டியை விடப் பிந்திய தேதியில் ஒரு டயர் இருந்தால், அது தொழிற்சாலையில் பொருத்திய டயர் அல்ல. இடையில் ஏதோ நடந்து மாற்றியிருக்கிறார்கள்.

உற்பத்தி மாதத்தை அறிய சேஸிஸ் எண் உதவும். அது 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. பல நிறுவனங்கள் அதன் பத்தாவது இடத்தில் ஆண்டைக் குறிக்கின்றன: ஆங்கில எழுத்து ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025, டி என்றால் 2026. மாதத்துக்கான எழுத்து எந்த இடத்தில் வரும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், டீலரிடமே கேட்டு, பின்னர் தரப்படும் படிவம் 21 எனும் விற்பனைச் சான்றிலும் அதே மாதம்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து முன்பக்கம். நெடுஞ்சாலையில் ஓடி வந்த வண்டியின் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டர் தகட்டின் மேல், பூச்சிகள் ஒட்டியிருக்கும்; ஷோரூமில் கழுவினாலும் அந்த இடத்தை யாரும் துடைப்பதில்லை. லாரியில் வந்தது என்று சொல்லப்படும் வண்டியில் அப்படிப் பார்த்தால் விளக்கம் கேளுங்கள்.

பிறகு டிஸ்ப்ளேயில் உள்ள டிரிப் மீட்டர்கள், அதாவது பூஜ்யமாக்கிவிட்டு ஒரு பயணத்தின் தூரத்தை மட்டும் பார்க்க உதவுபவை. ஏ, பி என்று இரண்டு இருக்கும். ஒன்றைப் பூஜ்யமாக்கியவர்கள் மற்றதை மறந்துவிடுவது உண்டு. சில மாடல்களில் சராசரி வேகமும் ஓடிய நேரமும் கூடத் தெரியும். இது வெறும் துப்பறிதல் அன்று. முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கக் கூடாது என்று கையேடுகள் சொல்கின்றன. மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை அகலமாகக் கிடக்கும்போது, சொந்தம் இல்லாத வண்டியை ஓர் ஓட்டுநர் எப்படி ஓட்டியிருப்பார் என்பதை அந்தச் சராசரி ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஒரு காலத்தில் மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டி வருவது எளிது. இன்றைய வண்டிகளில் வேக சென்சாரைத் துண்டித்தால் கணினியில் பிழைக் குறியீடு பதிவாகக்கூடும் என்பதால், ஐயம் வலுவாக இருந்தால் சர்வீஸ் பிரிவின் ஸ்கேனரைப் பொருத்திக் காட்டச் சொல்லலாம்.

கடல் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரேக் டிஸ்க்கின் முகத்தில் செம்மஞ்சள் துரு படிந்திருப்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். உப்பு ஈரம் உள்ள ஊரில் ஓரிரு இரவு நின்றாலே அது வந்துவிடும், நான்கு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். அதைக் குறையாக எழுத வேண்டாம். ஆனால் அடிப்பக்க போல்டுகளிலும், சைலன்சர் இணைப்புகளிலும் துரு ஊறியிருந்தாலோ, பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்தாலோ, வண்டி திறந்த வெளியில் மாதக்கணக்கில் நின்றிருக்கிறது என்று பொருள். ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.4க்குக் குறையாமல் காட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாங்குகிறவர்கள் தரை விரிப்பைத் தூக்கி ஈரமும் சேற்று வாடையும் இருக்கிறதா என்று பார்க்காமல் வரக் கூடாது. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் தாழ்வான இடத்தில் எந்த வண்டி நின்றது என்று யாரும் வந்து சொல்லப் போவதில்லை.

நான்காம் படி: ஓட்டிப் பார்ப்பது

ஷோரூமில் முதலில் ஓட்டக் கொடுப்பது டெமோ வண்டி. அதில் அந்த மாடல் நமக்குப் பிடிக்கிறதா என்றுதான் தெரியும். இப்போது ஓட்டப் போவது நமக்கென்று ஒதுக்கிய வண்டி. பதிவாகாத வண்டி சாலைக்கு வர வேண்டுமென்றால் டீலரின் டிரேட் சர்டிபிகேட் எண் தேவை. வாங்குபவருக்கு ஓட்டிக் காட்டுவது, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு செல்வது போன்ற சில வேலைகளுக்கு மட்டுமே 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அதை அனுமதிக்கின்றன. அந்த எண் பலகை மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, டீலரின் ஊழியர் ஒருவரையும் உட்காரவைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

‘பாம்பன் பாலம் வரை போய்வரலாமா’ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். மீட்டர் ஏறியிருக்கிறது என்று சண்டை போடுகிற நாமே அதை ஏற்றுவானேன்? ஐந்தாறு கிலோமீட்டர் போதும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்க வேண்டும். பானெட்டில் கை வைத்துப் பார்த்தால் தெரியும். நாம் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கும் குறைதான். ரிவர்ஸ் உட்பட எல்லா கியரையும் போடுங்கள். நேரான சாலையில் 40, 50 வேகத்தில் ஸ்டியரிங் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சாலை இடப்புறம் சரிவாக இருப்பதால் வண்டி மெல்ல இடம் இழுப்பது இயல்பு, வலப்புறம் இழுத்தால் இயல்பு அல்ல. ஏ.சி.யை வெயில் ஏறிய பிறகு சோதித்தால்தான் நம் ஊருக்குப் பொருந்தும். ஹேண்ட் பிரேக்கைப் பார்க்க ஏற்றம் வேண்டும். இந்தத் தட்டை நிலத்தில் ரயில்வே மேம்பாலத்தை விட்டால் ஏற்றம் ஏது, ஆகவே போகும் வழியில் ஒன்று இருந்தால், போக்குவரத்து இல்லாத நேரம் பார்த்து அதில் ஒரு முறை நிறுத்திப் பாருங்கள்.

ஐந்தாம் படி: கணக்கு ஒத்துவராவிட்டால்

குரலை உயர்த்த வேண்டியதில்லை. மீட்டர், கேட் பாஸ், பி.டி.ஐ. தாள் மூன்றையும் படமெடுத்து, எத்தனை கிலோமீட்டருக்கு விளக்கம் இல்லை என்பதை எழுதி, வேறு வண்டி ஒதுக்கும்படி மின்னஞ்சல் அனுப்புங்கள். தள்ளுபடி தருகிறோம், அதே வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். விளக்கம் உண்மையாக இருந்து, ஓடியதும் ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான் என்றால் அதை ஏற்பதில் தவறில்லை என்பது என் எண்ணம். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிறகு தருகிற தள்ளுபடியை நான் ஏற்க மாட்டேன். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, டீலர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். மதுரைக்கு அலைய வேண்டியதில்லை.

எல்லாம் சரியாக இருந்தால், சேஸிஸ் எண்ணை எழுதிவைத்துக்கொண்டு பதிவுக்கு ஒப்புதல் கொடுங்கள். டெலிவரி நாளில் அதே எண்தான் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, டெலிவரி தாளில் உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே மீட்டர் ரீடிங்கை உங்கள் கைப்பட எழுதுங்கள். எங்களுக்கு இரண்டாவதாக ஒதுக்கிய வண்டிக்குத் தங்கை வீட்டுக்காரர் அந்த இடத்தில் 136 என்று எழுதினார்: கேட் பாஸில் 8, பி.டி.ஐ. தாளில் 130, நாங்கள் ஓட்டிப் பார்த்தது 6.