படிக்கும்போது பாட்டு: எங்கே தப்பு செய்கிறோம்?

எங்கள் மொரீஷியஸில் எஸ்.சி., ஹெச்.எஸ்.சி. என்னும் பள்ளி இறுதித் தேர்வுகள் நெருங்கினால் ரோஸ் ஹில் ஊர் பஸ்ஸில் பிள்ளைகளுக்கு மடியில் நோட்டு, காதில் பாட்டு. பாட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. போடுகிற நேரம்தான் தப்பு.

"தமிழ்ப் பாட்டுதானே மிஸ், எனக்கு அர்த்தமே புரியாதே, அது எப்படிக் கெடுக்கும்?" என்றாள் என்னிடம் தமிழ் படிக்கும் பெண். வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசுகிறவள். கெட்டிக்காரக் கேள்விதான், ஆனால் 1976லேயே பதில் வந்துவிட்டது. ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் எழுத்து வரிசைகளைக் காட்டி மனதில் வைக்கச் சொல்லி, பக்கத்தில் அவர்களுக்குத் தெரியாத ஜெர்மன் வாசிப்பை ஓடவிட்டார்கள். பிழைகள் கூடின. படிக்கிற சொல்லை நாம் சில விநாடிகள் ஒலியாகவே உள்ளுக்குள் சொல்லிப் பிடித்து வைக்கிறோம். காதில் விழும் குரலும் அதே இடத்துக்குள் நுழைகிறது. அர்த்தம் புரிய வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் தீவின் சேகா பாட்டானாலும் சினிமாப் பாட்டானாலும் இதே கதைதான். படம் வரைய, நோட்டுக்கு அட்டை போட, தாராளமாகக் கேளுங்கள். மனப்பாடத்துக்கு அமைதிதான் நல்லது. முடியாவிட்டால் குரலில்லாத வீணையோ புல்லாங்குழலோ.

மேற்கத்திய இசைமேதை மோசார்ட்டின் இசையைக் கேட்டால் மூளை வளரும் என்பது இன்னொரு தப்பான நம்பிக்கை. 1993ல் 36 கல்லூரி மாணவர்கள் 10 நிமிடம் கேட்டார்கள். வடிவங்களை மனதில் மடித்துப் பார்க்கும் கணக்கில் கால் மணி நேரத்துக்குள் மறைந்துபோன ஒரு சின்ன முன்னேற்றம். நினைவாற்றலை அதில் சோதிக்கவே இல்லை. சோம்பல் போகப் பிடித்த பாட்டைக் கேட்டுவிட்டு, அணைத்துவிட்டு உட்காருங்கள்.

மெட்டுப் போட்டுப் பாடிப் படிப்பது நல்ல வழி. ஆனால் காவடிக் காலத்தில் கோவிலில் தேவாரம் பிசகாமல் பாடும் பிள்ளையிடம் நடுவரியைக் கேளுங்கள். முதலிலிருந்து பாடித்தான் வருவான். அர்த்தம் கேட்டால் கூரையைப் பார்ப்பான். மெட்டு காப்பாற்றுவது சொற்களின் வரிசையை மட்டும். வாய்ப்பாட்டுக்கும் உயிர்மெய் வரிசைக்கும் சரி, 'ஏன்' என்று கேட்கும் பாடத்துக்கு உதவாது. மெட்டும் ஏற்கனவே தெரிந்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்! அப்புறம் நடுவிலிருந்து எழுதிப் பாருங்கள்.

1975ல் ஸ்காட்லாந்தில் முக்குளிப்பவர்கள் தண்ணீருக்கடியில் படித்த சொற்களைத் தண்ணீருக்கடியில்தான் நன்றாக நினைவுகூர்ந்தார்கள். படித்த சூழலும் நினைவோடு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் தேர்வு அறையில் பாட்டு கிடையாது. ஒரு தடவையாவது பாட்டில்லாமல் சொல்லிப் பாருங்கள்.

அந்தப் பெண் இப்போது பஸ்ஸோடு பாட்டை நிறுத்திவிடுகிறாளாம். அப்படித்தான் சொல்கிறாள்.